றப்பிட்டைக் குறைத்தாலும் மெசின் அதே வேகத்தில் போகிறது, ஃபீட்டைக் குறைத்தால் பலகை கருகுகிறது

கொக்குவில்_கதவு:

எல்லாருக்கும் வணக்கம். கொக்குவிலில் கதவு, நிலை, சாமிப்படச் சட்டம் செய்கிற தச்சுப் பட்டறை எங்களுடையது. கொம்பியூட்டர் ஃபைல் சொல்கிறபடி பலகையைச் செதுக்கி வெட்டுகிற சின்ன சிஎன்சி றவுட்டர் ஒன்று வைத்திருக்கிறோம். மேசை 2 அடிக்கு 3 அடி, மெசினை ஓட்டுகிற ஜிஆர்பிஎல் போர்ட், படிப்படியாகச் சுற்றுகிற ஸ்டெப்பர் மோட்டர், பிட்டைச் சுழற்றுகிற 1.5 கிலோவாட் ஸ்பிண்டில், அதன் வேகத்தை விஎஃப்டி என்கிற வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் இருக்கிற குமிழைத் திருப்பித்தான் மாற்றுவது. லப்டொப்பில் இருந்து ஃபைல் அனுப்புகிற சொஃப்ட்வெயாரில் ஃபீட்டை, அதாவது வெட்டிக்கொண்டு நகர்கிற வேகத்தை, ஓடும்போதே வீதக் கணக்கில் கூட்டிக் குறைக்க ஃபீட் ஓவர்ரைட் என்று ஒன்று இருக்கிறது, றப்பிட்டை, அதாவது வெட்டாமல் காற்றில் நகர்கிற வேகத்தை, குறைக்க றப்பிட் ஓவர்ரைட் என்று 25, 50, 100 மூன்று பொத்தான்களும் இருக்கின்றன. இந்த இரண்டும்தான் பிடிபடவில்லை.

இப்போது ஓடுவது தேக்குக் கதவுப் பனல். 6 மி.மீ. இரண்டு ஃபுளூட் (வெட்டுவாய்) பிட், 18000 ஆர்பிஎம் (நிமிடச் சுற்று), ஃபைலில் எஃப்2400, அதாவது நிமிடத்துக்கு 2400 மி.மீ. ஃபீட். கிளாம்புக்குக் கிட்டப் போகும்போது றப்பிட்டை 25இல் போடுகிறேன். பொத்தான் நிறம் மாறுகிறது, ஆனால் பிட் மேலே தூக்கி அடுத்த இடத்துக்குப் போகிற வேகம் கொஞ்சமும் குறையவில்லை. ஃபீட்டை 30க்கு இறக்கினால் அந்தப் போக்கும் சேர்ந்து குறைகிறது, ஆனால் வெட்டின ஓரம் கறுத்து, கருகல் மணம் வந்து, தூள் மா மாதிரிக் கொட்டுகிறது. மற்றது, பூரண கும்பம் போல மேடு பள்ளமான வேலையில் ஃபீட்டை 200 வரை ஏற்றினாலும் முடிகிற நேரம் மாறுவதே இல்லை. போர்டில் பிழையா? கொழும்பில் இருந்து புதுசு எடுப்பிக்க முதல் கேட்டுப் பார்ப்போம் என்று எழுதுகிறேன்.

சுன்னாகம்_றவுட்டர்:

தம்பி, போர்ட் வாங்க வேண்டாம். நீங்கள் சொன்னதில் ஒரு வரியிலேயே விடை இருக்கிறது: ஃபீட்டைக் குறைத்தால் மேலே தூக்கிப் போகிற போக்கும் குறைகிறது என்றீர்களே, அப்படியென்றால் அந்தப் போக்கு றப்பிட்டே இல்லை. றப்பிட் ஓவர்ரைட் ஃபைலில் காற்றில் போகச் சொல்கிற ஜி0 வரிகளுக்கு மட்டும்தான். ஃபீட் ஓவர்ரைட் வெட்டச் சொல்கிற ஜி1 (நேர்கோடு), ஜி2, ஜி3 (வளைவு) வரிகளுக்கு. ஜி0வுக்கு ஃபைலில் இருக்கிற எஃப் கணக்கில்லை, செற்றிங்கில் $110, $111, $112 என்று ஒவ்வொரு அச்சுக்கும் கொடுத்திருக்கிற உச்ச வேகத்தில்தான் ஓடும், 25 வீதம் என்பது அந்த உச்சத்தில் 25 வீதம். ஃபீட்டை எவ்வளவு ஏற்றினாலும் அதே உச்சத்தைத் தாண்டாது, அதையும் மனதில் வைத்திருங்கள்.

ஃபைலை நோட்பேடில் திறந்து ஜி0வைத் தேடுங்கள். டிசைன் செய்கிற சில சொஃப்ட்வெயார்களின் இலவசப் பதிப்பு ஜி0வை எழுதவே விடாது, காற்றில் போகிற போக்கையும் ஜி1 ஆக்கி, வெட்டுகிற எஃப்பையே போட்டுத் தந்துவிடும். அப்படி வந்திருந்தால் நீங்கள் எந்த றப்பிட் பொத்தானை அழுத்தினாலும் மெசினுக்குக் குறைக்க ஒன்றும் இல்லை.

மேடு பள்ள வேலை பற்றி. அதில் ஒவ்வொரு வரியும் அரை மி.மீ., ஒரு மி.மீ. நீளம்தான், வரிக்கு வரி இசட், அதாவது மேல் கீழ் அச்சு, ஏறி இறங்குகிறது. மெசின் வேகம் பிடிக்க முதலே அடுத்த திருப்பம் வந்துவிடும். நம்முடைய ஒழுங்கைகளில் மோட்டார் சைக்கிள் ஓடுவது மாதிரி, அக்சிலேட்டரை முழுக்க முறுக்கினாலும் அடுத்த முடக்குக்கு முதல் பிரேக் பிடிக்கத்தான் வேண்டும். அங்கே நேரத்தைத் தீர்மானிப்பது $120, $121, $122 இல் இருக்கிற அக்சிலரேஷனும், இசட்டின் உச்ச வேகமும். மூன்று அச்சும் சேர்ந்து ஓடும்போது இசட் மெதுவானது என்றால் மற்ற இரண்டும் அதற்காகக் காத்துத்தான் போகும். ஆனால் அக்சிலரேஷனைக் கண்டபடி ஏற்றாதீர்கள். இந்த மாதிரி ஸ்டெப்பரில் எங்கே நிற்கிறோம் என்று போர்டுக்குத் திருப்பிச் சொல்ல ஒன்றும் கிடையாது. ஒரு ஸ்டெப் தவறினால் போர்டுக்குத் தெரியாது, பனலின் மீதிப் பாதி முழுக்கத் தள்ளி வெட்டும். கொஞ்சம் ஏற்றுங்கள், பலகை இல்லாமல் ஓட விடுங்கள், திரும்பப் பூச்சியத்துக்கு வந்து அதே புள்ளியில் நிற்கிறதா பாருங்கள், பிறகுதான் அடுத்தது.

ஸ்கார்பரோ_மெசினிஸ்ட்:

மேலே அண்ணை சொன்னது சரி. கருகலைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் ஃபீட்டைக் குறைத்தால் எப்போதும் பாதுகாப்பு என்ற நினைப்புத்தான் நிறையப் பிட்டுகளைத் தின்கிறது.

2400ஐ 18000ஆல் பிரித்து, வந்ததை 2ஆல் பிரியுங்கள். ஒரு ஃபுளூட் ஒரு சுற்றில் எடுக்கிற தடிப்பு 0.067 மி.மீ. ஃபீட்டை 30 வீதமாக்கினால் 720, அதே ஆர்பிஎம்மில் தடிப்பு 0.02. அவ்வளவு மெல்லியதாக வெட்ட வெட்டுவாய் கூர் போதாது, மரத்தைத் தேய்க்கத் தொடங்கும். தேய்த்தால் சூடு. சீவலாகப் போயிருந்தால் அந்தச் சூட்டில் பெரும்பகுதி சீவலோடு வெளியே போயிருக்கும், மாவாக வரும்போது அது பிட்டிலும் மரத்திலும் தங்கி நிற்கும், கறுப்பு ஓரம் அதனால்தான். தேக்கில் பிட்டின் கூர் வேறு கெதியாகப் போகும், கூர் போனால் இன்னும் தேய்ப்பு.

அதனால் ஃபீட்டைக் குறைத்தால் ஸ்பிண்டிலையும் சேர்த்துக் குறையுங்கள். விஎஃப்டியில் 400 ஹேர்ட்ஸ் என்பது 24000 என்றால், 300 என்பது 18000, 200 என்பது 12000. ஃபீட் 50 வீதம், ஸ்பிண்டில் 200 ஹேர்ட்ஸ்: 1200ஐ 12000ஆலும் 2ஆலும் பிரித்தால் 0.05, பிழை இல்லை. 30 வீதத்துக்கு ஈடாக 5400க்கு இறக்கலாமா என்று கேட்காதீர்கள், இந்தச் சின்ன ஸ்பிண்டில்களுக்கு அவ்வளவு கீழே இழுவை கிடையாது. சொஃப்ட்வெயாரில் ஸ்பிண்டில் ஓவர்ரைட் இருந்தாலும், நீங்கள் குமிழால் ஓட்டுவதால் அது வேலை செய்யாது, குமிழைத்தான் திருப்ப வேண்டும்.

நான் ஓட்டுவது ஃபனுக் கொம்பனியின் கொன்ட்ரோல் உள்ள மில்லிங் மெசின். அதில் றப்பிட்டுக்கு எஃப்0, 25, 50, 100 என்று பொத்தான், ஃபீட்டுக்குத் தனிக் குமிழ். புது ப்ரோகிராம் என்றால் றப்பிட் 25, சிங்கிள் புளொக் (ஒவ்வொரு வரி முடியவும் நிற்பது) ஓன், பிட் வேலைக்குக் கிட்ட இறங்கும்போது எவ்வளவு தூரம் மிச்சம் என்று ஸ்கிரீன் காட்டும், அதையும் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அடுத்த வரி. வெட்டத் தொடங்கினதும் ஃபீட் குமிழை நூறிலேயே விட்டுவிடுவேன். காற்றில் போகிறபோது மெதுவாக, மரத்துக்குள் போனால் சரியான வேகத்தில். உங்கள் மெசினுக்கும் இதேதான். இன்னொன்று, லேத்தில் திருகு வெட்டும்போது ஃபீட் குமிழைத் திருப்பினாலும் கேட்காது, கேட்டால் புரி கெட்டுப்போகும்.

ஜிஆர்பிஎல்லில் ஃபீட் 10 வீதத்துக்குக் கீழே போகாது, ஆகையால் ஃபீட்டை இறக்கி நிறுத்தலாம் என்று நம்பியிருக்காதீர்கள். நிறுத்த ஃபீட் ஹோல்ட் பொத்தான்.

கொக்குவில்_கதவு:

இரண்டு அண்ணைமாருக்கும் நன்றி. ஃபைலைத் திறந்து பார்த்தேன், தொடக்கத்தில் மாத்திரம் ஜி0 இருக்கிறது, மற்றதெல்லாம் ஜி1தான். ஃபீட் 50இலும் ஸ்பிண்டில் 200 ஹேர்ட்ஸிலும் வெட்டினதில் ஓரம் தேக்கின் நிறத்திலேயே வந்திருக்கிறது, தூளும் சீவல் சீவலாக விழுகிறது. இனி ஒரு கேள்வி: பிட்டை 15 மி.மீ. உயரத்துக்குத் தூக்குகிற இசட்15 வருகிற இடமெல்லாம் ஜி1ஐ ஜி0 ஆக நோட்பேடிலேயே மொத்தமாக மாற்றிவிடலாமா? அப்போது றப்பிட் பொத்தான் வேலை செய்யும்தானே?

சுன்னாகம்_றவுட்டர்:

மொத்தமாக மாற்ற வேண்டாம், அதில்தான் ஆபத்து. உங்கள் ஃபைலில் ஒரு இடம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

ஜி1 இசட்15 எஃப்2400
எக்ஸ்120 வை80
இசட்2
இசட்-3 எஃப்600
எக்ஸ்160

கீழ் நான்கு வரிகளிலும் ஜி எதுவும் இல்லை, பார்த்தீர்களா? கடைசியாகச் சொன்ன ஜி எதுவோ அதுவேதான் தொடர்ந்து செல்லும். முதல் வரியை ஜி0 ஆக்கிவிட்டு மற்றதைத் தொடாமல் விட்டால், இசட்-3 என்ற வரியும் ஜி0 ஆகிவிடும், எஃப்600 கணக்கில் எடுபடாது, பிட் உச்ச வேகத்தில் தேக்குக்குள் இறங்கும், பிறகு எக்ஸ்160க்கும் அதே வேகத்தில் இழுக்கும். முதல் வரியில் ஜி0 போட்டால் இசட்2 வரியிலேயே ஜி1ஐ எழுதி, அதற்கென்று ஒரு எஃப்பையும் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் தவறாமல் செய்ய வேண்டும். உண்மையில் உங்கள் மேசை அளவுக்கு ஜி0 இல்லாததால் வீணாகும் நேரம் பெரிதில்லை. பயம் கிளாம்புக்குத்தான் என்றால் தூக்குகிற உயரத்தை 15இல் இருந்து கிளாம்பின் தலைக்கு மேலே போகிற அளவுக்கு டிசைனிலேயே கூட்டிவிடுங்கள், அதுதான் நல்ல வழி.

ஸ்கார்பரோ_மெசினிஸ்ட்:

உயரத்தைக் கூட்டுவதற்கு என் வாக்கும். பிற்காலத்தில் பெரிய மெசினுக்குப் போனால் இதையும் தெரிந்து வைத்திருங்கள்: ஜிஆர்பிஎல்லில் ஜி0 நேர்கோட்டில்தான் போகும், ஆனால் பல ஃபக்டரி மெசின்களில் ஒவ்வொரு அச்சும் தன் தன் வேகத்தில் ஓடி, கிட்டத்து அச்சு முதலே நின்றுவிடும், பாதை முழங்கை மாதிரி மடங்கும். ஸ்கிரீனில் நேராகத் தெரிந்த பாதையில் கிளாம்ப் இல்லை என்று விட்டால் மடங்கின பாதையில் இருக்கும்.

ஃபீட் ஹோல்ட் பற்றிக் கொஞ்சம். அது மெசினைப் படிப்படியாக வேகம் குறைத்து நிறுத்தும், அதனால் இடம் தவறாது, தொடரலாம். ஆனால் ஸ்பிண்டில் சுற்றிக்கொண்டே இருக்கும், நின்றுவிட்டது என்று கையை உள்ளே விடாதீர்கள். மரத்துக்குள் நின்று சுற்ற விட்டாலும் அதே இடம் கருகும், ஆகையால் நிறுத்தினால் கெதியாக முடிவெடுங்கள். ஓட்டத்தின் நடுவே றீசெற் அடித்தாலோ எமர்ஜென்சியை அமுக்கினாலோ பூச்சியம் போனதாகவே வைத்துக்கொண்டு, திரும்ப ஹோம் செய்து (மெசினைத் தன் தொடக்க இடத்துக்கு அனுப்பி), பலகையின் மூலையில் ஒருக்கால் தொட்டுப் பார்த்துவிட்டு ஓட்டுங்கள். கைக்கோ பலகைக்கோ ஆபத்து என்றால் மட்டும் யோசிக்காமல் எமர்ஜென்சி, பனல் போனால் போகட்டும்.