தேயிலைச் சாறும் உலோக அரிப்பும்: பதாகைக்குச் சொல் வேண்டும்

ஹட்டன்:
வணக்கம். பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சிப் பதாகை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் இரண்டு இரும்பாணிகள். ஒரு ஆணியின் அமிலத்தில் மட்டும் தேயிலைச் சாறு. எது அதிகம் நிறை இழக்கிறது என்று பிள்ளைகள் பார்க்கிறார்கள். 'தாவர அரிப்புத் தடுப்பான்' என்று எழுதினேன். மண்ணரிப்புக்கு மானாப் புல் நடுகிற விஷயமா என்று கேட்கிறார்கள்!

பதுளை:
டீச்சர், 'ஆன்' ஆண்பால் விகுதி. சாறு என்ன ஆண்பிள்ளையா? 'தடுப்பி' போதும். அரிப்பு என்றால் சொறியும் ஞாபகம் வரும். 'கறள்' இருக்கிறதே! கறு, கறை, கறள் எல்லாம் ஒரே வேர். 'கறள்தடுப்பி'.

பேராதனை:
கறள் இரும்புக்குத்தான் சேர். செம்பில் பிடிப்பது களிம்பு. உயிரியலில், நொதியத்தின் வேலையைத் தடுப்பதை 'நொதிய நிரோதி' என்று படிக்கிறார்கள். 'அரிப்பு நிரோதி' என்றால் பழகிய சொல்லாக இருக்கும்.

காரைக்குடி:
ஐயோ, நிரோதி வேண்டாம். இங்கே 'நிரோத்' அரசாங்க ஆணுறையின் பெயர். பதாகைப் படம் இந்தப் பக்கம் வந்தால் அவ்வளவுதான். உலோகத்துக்கு நாங்கள் 'அரிமானம்' என்போம், தேய்மானம் மாதிரி.

பதுளை:
நிரோதம் வடசொல்லும்கூட. துக்க நிரோதம், அதாவது துக்கம் ஒழிதல், பௌத்தத்தில் மூன்றாம் வாய்மை. ஆணிக்கு நிர்வாணம் கொடுக்கப் போகிறோமா?

பேராதனை:
அப்படியானால் 'அமிலம்' என்பதையும் அழியுங்கள். அதுவும் வடக்கிலிருந்து வந்ததுதான்.

நானுஓயா:
சண்டை இருக்கட்டும். 'தடுப்பி'யே பிழை. சாறு அரிப்பை நிறுத்துவதில்லை, மெதுவாக்குகிறது. அதிலுள்ள பொலிபீனோல்கள் என்ற தாவரச் சேர்வைகள் உலோகப் பரப்பில் ஒட்டிப் படலமாகி, அமிலம் தொடுவதைக் குறைக்கின்றன. அரிப்பைக் குறைக்க குரோமேற்று உப்புகள் நன்றாகவே வேலை செய்தன. அவை நஞ்சு என்பதால்தான் ஆய்வாளர்கள் இலை, பட்டை, பழத்தோல் என்று தேடுகிறார்கள். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி கறுப்பதைப் பார்த்திருப்பீர்களே, தேயிலையின் துவர்ப்புப் பொருளான தனின் இரும்போடு சேர்வதால் வரும் நிறம் அது. பழைய எழுதுமையும் அதே சேர்க்கைதான். என் சொல் 'தணிப்பி'.

காரைக்குடி:
தணிப்பி சரி.

பேராதனை:
காய்ச்சல் மருந்து மாதிரி இருக்கிறது. ஆனாலும் சரி.

ஹட்டன்:
'தாவரச்சாற்று அரிமானத் தணிப்பி' என்று அனுப்புகிறேன். கீழே சிறிய எழுத்தில் 'உலோகம் அரிபடுவதை மெதுவாக்கும் சாறு'. நன்றி.

பதுளை:
சிறிய எழுத்தில் இருப்பதுதான் தமிழ். 'தாவரச்சாற்று அரிமானம்' என்று சேர்த்து வாசித்தால் சாறே ஆணியை அரிக்கிறது என்று பொருள்படும். என் வாக்கு கறளுக்கே.