ஆயில் கசிவுக்குப் போன வண்டி நடுக்கத்தோடு திரும்பியது: பழி யார் மேல்?

சிங்காநல்லூர்க்காரன்: பெட்ரோல் கார், 4 சிலிண்டர், 72,000 கி.மீ. ஓடியது. எஞ்சினின் மேல்மூடியான டேப்பட் கவர் ஓரம் ஆயில் கசிந்தது. ஒர்க்‌ஷாப்பில் மூடிக்கு அடியிலுள்ள கேஸ்கெட்டை மாற்றினார்கள், கேட்காமலே நான்கு ஸ்பார்க் பிளக்கும் புதிதாகப் போட்டார்கள். வீட்டுக்கு வரும் வழியிலேயே சிக்னலில் நின்றால் ஸ்டியரிங் நடுங்குகிறது, செக் எஞ்சின் விளக்கு வேறு. திரும்பக் கொண்டுபோனால் பெட்ரோலைப் பீய்ச்சும் "இன்ஜெக்டர் போயிடுச்சு, 18,000 ஆகும்" என்கிறார்கள். வண்டியின் பிழை எண்ணைப் படிக்கும் ஓபிடி கருவி என்னிடம் உண்டு, அதில் பி0301 என்று வருகிறது. மாற்றச் சொல்லலாமா?

பழைய ஸ்பேனர்: வேண்டாம். பி0301 என்றால் 1-ஆம் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை, அவ்வளவுதான். காரணத்தை அது சொல்லாது. அவர்கள் கை வைத்த இடத்தில் முதலில் தேடுங்கள். டேப்பட் கவரைக் கழற்ற, பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில், கனெக்டர், ஹோஸ் என்று எல்லாவற்றையும் பிடுங்கியிருப்பார்கள். இன்ஜெக்டரை யாரும் தொடவே இல்லையே!

எண்ணெய்க்கை: 20 வருஷமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். எது கெட்டாலும் கடைசியாகத் தொட்டவன் தலையிலா? காக்கை உட்காரப் பனம்பழம் விழுவதும் உண்டு சார். ஏசிக்கு வந்த வண்டியில் கிளட்ச் போனதற்கெல்லாம் என்னோடு சண்டை போட்டிருக்கிறார்கள். 72,000 ஓடிய வண்டியில் இன்ஜெக்டர் அடைப்பது அதிசயமில்லை.

பழைய ஸ்பேனர்: இருக்கலாம். சோதித்துவிட்டுச் சொல்லட்டுமே! 1-இல் உள்ள காயிலை 3-இல் போட்டு, 3-இல் உள்ளதை 1-இல் போடுங்கள். பிழை எண்ணை அழித்துவிட்டு ஓட்டுங்கள். பி0303 வந்தால் காயில் கெட்டது. 1-லேயே நின்றால் பிளக்குகளை அதேபோல இடம் மாற்றுங்கள். அதற்கும் நகராவிட்டால்தான் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பேச்சு. பைசா செலவில்லை. ஒன்று: விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையும் தின்றுவிடும்.

சாலைக்குருவி: எஞ்சின் காற்றை உறிஞ்சும் பக்கத்தில் உள்ள வாக்குவம் ஹோஸ் விட்டுப்போயிருக்கும். என் வண்டியில் அதுதான் நடந்தது.

எண்ணெய்க்கை: ஹோஸ் விட்டால் காற்று பொதுவாக நான்கு சிலிண்டருக்கும் பரவுமே, ஒன்று மட்டும் ஏன் அடம்பிடிக்கிறது? அதிலும் மேப் சென்சார் வண்டி என்றால், காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டில் அழுத்தம் கூடியதை அந்த சென்சார் காட்ட, எஞ்சின் கம்ப்யூட்டரான ஈசியூ பெட்ரோலையும் கூட்டிவிடும். ஐடிலிங் (வண்டி நிற்கும்போது எஞ்சின் வேகம்) ஏறும், இந்த நடுக்கம் வராது. ஆளாளுக்கு வைத்தியம் சொல்லாதீர்கள்.

பழைய ஸ்பேனர்: இதில் அவர் சொல்வது சரி.

சிங்காநல்லூர்க்காரன்: இன்று காலை செய்து பார்த்தேன். காயில் மாற்றியும் பி0301தான். அப்புறம் பிளக்கை மாற்றினேன்: பி0303! கழற்றிப் பார்த்தால் வெள்ளைப் பீங்கானில் மயிரிழை விரிசல், அதை ஒட்டிக் கறுப்புக் கோடு.

பழைய ஸ்பேனர்: சாக்கெட்டைச் சாய்த்து முறுக்கியிருப்பார்கள். கோணலாக இழுத்தால் பீங்கான் தாங்காது.

எண்ணெய்க்கை: கீழே விழுந்த பிளக்காகவும் இருக்கலாம், பெட்டியிலேயே அப்படி வந்திருக்கலாம்.

பழைய ஸ்பேனர்: எப்படியோ இருக்கட்டும். அன்றைக்குத்தான் போட்ட பிளக்கைக் கழற்றிக்கூடப் பார்க்காமல் 18,000 கேட்டார்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

எண்ணெய்க்கை: அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். சோம்பேறித்தனம். ஆனால் தம்பி வீட்டில் கழற்றியது தப்பு. இனி அங்கே போனால் "நீங்களே உடைச்சுட்டு வந்தீங்க" என்பார்கள். நானாக இருந்தால் அவர்கள் கடையிலேயே, கண்ணெதிரே மாற்றிக் காட்டச் சொல்லியிருப்பேன்.

சாலைக்குருவி: பில் இருக்கிறதல்லவா? மசியவில்லை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915-இல் சொல்லுங்கள்.

சிங்காநல்லூர்க்காரன்: கழற்றும்போது தம்பி வீடியோ எடுத்தான், அது போதுமா தெரியவில்லை. புது பிளக் ஒன்று போட்டதும் நடுக்கம் நின்றது. சனிக்கிழமை பில்லோடு போகிறேன்.

எண்ணெய்க்கை: போகிற போக்கில் மற்ற மூன்று பிளக்கையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அதே கை போட்டதுதானே.