ரப்பர் தேன் முடிஞ்சாச்சு, மகரந்த வரத்தே இல்ல. சீனிப்பாகு மட்டும் போதுமா?

ரப்பர்க்காடு:
மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டத்துல இந்தியத் தேனீ 12 பெட்டி. ஆனி மழை பிடிச்சதுலேர்ந்து புழு அடை உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிட்டு. வாரம் ரெண்டு தடவை பாகு வைக்கேன், ஒட்டக் குடிக்குது, ஆனா புழு கூடல. என்ன குறை?

பாளைவாசல்:
பாகு பறக்கிறதுக்குத் தெம்பு தரும், புழு வளர்க்காது. இளம் பணித்தேனீ மகரந்தம் தின்னாத்தான் புழுவுக்கு ஊட்டுற பால் சுரக்கும். ரப்பர்ல தேன் வர்றது பூவுலேர்ந்து இல்ல, இளந்தளிர்க் காம்புல இருக்கிற சுரப்பிலேர்ந்து. அதனால தேன் கொட்டும், மகரந்தம் கிடைக்காது.

முதல்ல ஒண்ணு பாருங்க. மழை விட்ட காலை 7 மணியிலேர்ந்து 9 மணிக்குள்ள ஒவ்வொரு பெட்டி வாசல்லயும் அஞ்சு நிமிஷம் நில்லுங்க. பின்னங்கால்ல மகரந்த உருண்டையோட எத்தனை தேனீ உள்ள போகுதுன்னு எண்ணுங்க. எல்லாப் பெட்டியும் வெறுங்காலா இருந்தா பூ இல்ல. ரெண்டு மூணு மட்டும் வெறுங்காலா இருந்தா அதுல ராணி இருக்கான்னு பாக்கணும். அடையைத் தூக்கி வெயிலுக்கு எதிரா சாய்ச்சுப் பிடிச்சா அறை அடியில அரிசிக்குருணை மாதிரி முட்டை தெரியும். முட்டை இல்லன்னா தீனி வச்சுப் புண்ணியமில்ல.

சோயாமாவு:
பூ இல்லன்னா மாற்றுத் தீனி. எண்ணெய் எடுத்த சோயா மாவு 3 பங்கு, கொழுப்பு நீக்கின பால்பொடி 1, ஈஸ்ட் பொடி 1. கெட்டிச் சீனிப்பாகு விட்டு சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசையணும். நெல்லிக்காய் அளவு உருண்டையைத் தட்டி, துளை போட்ட காகிதத்துல வச்சு, புழுச்சட்டத்துக்கு நேர் மேல வைங்க. ஓரத்துல வச்சா சீந்தாது. மழைக்காலத்துல மூணு நாள்ல பூசணம் பிடிக்கும், மிச்சத்தை எடுத்திருங்க. கடையில வாங்கின தேனை ஊத்திப் பிசையாதீங்க. தேன்வழி நோய் வரும். 90கள்ல தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் (தேனீப் புழுவைக் கொல்ற நோய்) நம்ம மாவட்டத்துப் பெட்டிகளைக் காலி பண்ணினது தெரியும்தானே.

மேல தேன் சேர்க்க வச்ச தேன்தட்டைக் கழற்றிட்டீங்களா? தேனீ மொய்க்காத அடை உள்ள கிடந்தா மெழுகு அந்துப்பூச்சி புகுந்திரும். பாகு சாயங்காலம்தான் வைக்கணும், வாசலையும் ஒடுக்கணும். இல்லன்னா பக்கத்துப் பெட்டித் தேனீ வந்து கொள்ளை அடிக்கும்.

ரப்பர்க்காடு:
முட்டை எல்லாத்துலயும் இருக்கு அண்ணே. அப்போ பூதான் இல்ல. நிரந்தரமா என்ன நடலாம்?

பாளைவாசல்:
நடுறதுக்கு முன்னால வெட்டுறதை நிறுத்துங்க. ரப்பர் வரிசைக்கு நடுவுல முளைக்கிற தொட்டாவாடி நல்ல மகரந்தச் செடி. களைக்கொல்லி அடிக்கிற தோட்டத்துல முதல்ல அழியுறது அதுதான். பால் வெட்டப் போற பாதைக்கு மட்டும் வெட்டிட்டு மத்ததை விடுங்க.

தென்னை இருந்தா வருஷம் முழுக்கப் பாளை விரியும். வேலியில கொடிரோஸ் (ஆன்டிகோனன் கொடி, ரோஜா இல்ல) பதியம் போட்டு விடுங்க, தண்ணிகூட அதிகம் கேக்காது. இந்தியத் தேனீ பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள்ளதான் மேயும், அதனால தூரத்துல நட்டுப் பலனில்ல.

பக்கத்துக் காய்கறித் தோட்டக்காரர்ட்ட பேசி வைங்க. பூ இருக்கும்போது மருந்து அடிக்கிறதுன்னா தேனீ கூட்டுக்குத் திரும்பின பிறகு, அந்தி சாய்ஞ்சு அடிக்கட்டும். பொடி தூவுற மருந்து இன்னும் மோசம், மகரந்தத்தோட சேர்ந்து காலுல ஒட்டிக் கூட்டுக்குள்ளயே போயிரும்.