சாப்பிட்டும் எடை இறங்குகிறது, ஏன்?

கேள்வி:
வயது 27, கோவையில் லேத் பட்டறை வேலை. தசை ஏற்ற ஆறு மாதமாக உடற்பயிற்சி செய்கிறேன். தினமும் 6 முட்டை, கால் கிலோ கோழிக்கறி, ஊறவைத்த நிலக்கடலை, மூன்று வேளையும் சோறு. முதலில் 66 கிலோ 69 ஆனது. கடந்த இரண்டு மாதத்தில் 63. பெல்ட்டில் ஆணியால் புதுத் துளை போட்டிருக்கிறேன். இன்னும் எவ்வளவுதான் சாப்பிடுவது?

பதில்:
நெய் சேர்த்துக்கொள்ளுங்கள், ஓட்டத்தைக் குறையுங்கள்.

பதில்:
தம்பி, சாப்பாட்டை விடுங்கள். தாகம் அதிகமா? இரவில் எத்தனை முறை சிறுநீர் கழிக்க எழுகிறீர்கள்? எனக்கு 29 வயதில் சர்க்கரை நோய் இப்படித்தான் தொடங்கியது. இன்சுலின் போதாவிட்டால் சர்க்கரை சிறுநீரில் போய்விடும். உடல் தன் தசையையே கரைத்து எரிக்கும். நாளைக் காலையே வெறும் வயிற்றுச் சர்க்கரை பாருங்கள், தைராய்டும் சேர்த்து. வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கேட்டவர்:
அண்ணா, நான்கு முறை எழுகிறேன். தலைமாட்டில் வைக்கும் இரண்டு லிட்டர் பாட்டில் விடிவதற்குள் காலி. வெயில்தான் காரணம் என்று நினைத்தேன். இன்று வெறும் வயிற்றில் 268. மாலை மருத்துவரைப் பார்க்கிறேன்.

பதில்:
மாலைவரை எதற்கு? 126-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய் என்பார்கள். இப்போதே கிளம்புங்கள். கீட்டோன் (இன்சுலின் போதாமல் உடல் கொழுப்பை எரிக்கும்போது இரத்தத்தில் சேரும் அமிலம்) பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். இன்று பயிற்சி வேண்டாம்.