தமிழில் கேட்டால் ஏஐ உளவியலைத் தப்பாகச் சொல்லித் தருகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். மதுரையில் பி.எஸ்சி. உளவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. அதனால் மூன்று வாரமாக ஒரு ஏஐ செயலியில் பாடங்களைத் தமிழில் கேட்டுப் படிக்கிறேன். ஆண்ட்ராய்டு போன், கட்டணமில்லாத பதிப்பு.

சிக்கல், ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளரைப் பற்றிய பாடத்தில். 'எதிர்மறை வலுவூட்டல்' என்றால் என்ன என்று கேட்டேன். வாத்தியார் பிரம்பால் அடித்ததும் பையன் பேச்சை நிறுத்துவதை உதாரணமாகச் சொன்னது. அது தண்டனை. மாத்திரை போட்டதும் தலைவலி போகிறது, அடுத்த முறையும் மாத்திரையைத் தேடுகிறோம். இப்படித் தொல்லை நீங்குவதால் ஒரு செயல் கூடுவதுதான் எதிர்மறை வலுவூட்டல். வகுப்புத் தேர்வில் பிரம்பு உதாரணத்தை எழுதி, சிவப்பு மையில் அடி விழுந்த பிறகுதான் இது எனக்கே தெரிந்தது.

'தப்பு' என்றால் உடனே மன்னிப்புக் கேட்டுத் திருத்துகிறது. சோதித்துப் பார்க்க, 'இல்லை, முதலில் சொன்னதே சரி' என்றேன். அதற்கும் ஆமாம் என்றது! தெரியாத பாடத்தில் எதை நம்புவது என்று பயமாக இருக்கிறது.

ஆங்கிலத்தில் கேட்டால் சரியாக வருகிறது, ஆனால் பாதி புரிவதில்லை. புது உரையாடல் தொடங்கியும் பார்த்தாயிற்று. பாடப்பக்கத்தைப் படமெடுத்துக் கொடுத்தால் இரண்டு கேள்வி வரை ஒழுங்கு, அப்புறம் பழையபடிதான். புது நத்தம் சாலை கலைஞர் நூலகத்தில் இரண்டு ஞாயிறு உட்கார்ந்து கலைச்சொற்களைக் குறித்தேன். ஒரே சொல்லுக்கு ஆளுக்கொரு தமிழ்.

அடுத்த மாதம் பருவத்தேர்வு. தமிழில் கேட்டாலும் பாடப்புத்தகப் பொருளை விட்டு விலகாமல் பதில் வர, கேள்வியை எப்படி அமைக்க வேண்டும்?