பெர்பர் வீட்டுச் சமையல்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பனங்கூடல் (பாரிஸ் புறநகர்)

அமெக்ஃபூல் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எங்கள் கீழ் மாடியில் ஒரு கபில் அம்மா இருந்தார் (கபில் என்பது வட ஆப்பிரிக்கப் பெர்பர் மக்களில் ஒரு பிரிவு), ஊர் அல்ஜீரியாவில் தீஸி ஊஸூ பக்கம். வசந்தம் வந்தால் ஃபாவா பீன்ஸ், பட்டாணி, கரட், போஞ்சி எல்லாம் சிறிதாக வெட்டி ஆவியில் அவித்து, கூஸ்கூஸோடு (கோதுமை ரவையை உருட்டிச் செய்த குருணை) கலந்து ஒலிவ் எண்ணெய் விடுவார். குழம்பு கிடையாது. பக்கத்தில் மோர். அவ்வளவுதான் சாப்பாடு.

எனக்கு மறக்க முடியாதது அவருடைய கை. முதல் ஆவியில் வெந்த கூஸ்கூஸை இறக்கியதும் அகலமான மரத் தட்டில் கொட்டினார். ஆவி பறந்துகொண்டிருக்கிறது. நான் முள்ளுக்கரண்டியை நீட்டினேன். அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, உள்ளங்கையில் எண்ணெய் தடவி, அந்தச் சூட்டிலேயே கட்டிகளை உரசி உதிர்த்தார். பிறகு உப்புத் தண்ணீரை, புட்டுக்கு மாக் குழைக்கிற மாதிரி, தெளித்துத் தெளித்துப் பிசிறினார். ஒரு பிடி எடுத்து அமத்தி, கையை விரித்ததும் தானாக உதிர்ந்தால்தான் மறுபடி ஏற்றுவார். எவ்வளவு தண்ணீர் என்று கேட்டேன், கையைக் காட்டினார். இப்போது மகளோடு லியோனுக்குப் போய்விட்டார். அந்தத் தண்ணீர்க் கணக்கு எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அடுப்படி ரவி

அக்கா, இவ்வளவு பாடு எதற்கு? பாக்கெட்டில் வருவது பெரும்பாலும் ஏற்கெனவே ஆவியில் வேகவைத்து உலர்த்தியதுதான். ஒரு கப்புக்கு ஒரு கப் கொதிநீர் ஊற்றி மூடி வைத்தால் 5 நிமிடம். மொராக்கோவில் நான் வேலை பார்த்தபோது அறையில் கூட இருந்த பையன்கள் அப்படித்தான் செய்தார்கள், அவர்களும் அட்லஸ் மலைப் பெர்பர்கள்தான்.

ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் பாக்கெட் முறை கிடையாது. அவர்களில் ஒருவன் ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் கேட்டுக் கேட்டு, கீழ்ப் பானைக்கும் மேலே இருக்கும் ஓட்டைச் சட்டிக்கும் நடுவில், கரைத்த மாவில் தோய்த்த துணியைச் சுற்றுவான். ஆவி பக்கவாட்டில் ஓடிவிடக் கூடாதாம். அந்த நேரம் யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான். அவன் முகம் ஏனோ அப்படியே நினைவில் நிற்கிறது.

மலைநடை

மொராக்கோவின் துப்கால் மலை (4167 மீட்டர்) ஏறப் போனபோது, அடிவார ஊரான இம்லீலில் எங்கள் வழிகாட்டியின் வீட்டில் இரவுச் சாப்பாடு. தஜின் என்ற மண் சட்டியின் கூம்பு மூடியைத் தூக்கினால் அடியில் வெங்காயம், நடுவில் ஆட்டிறைச்சி, அதன்மேல் கேரட், உருளை, ஜுகினி எல்லாம் கூம்பாகச் சாய்த்து அடுக்கியிருந்தது. என் நண்பன் ஆர்வத்தில் கரண்டியை விட்டு ஒரே கிளறாகக் கிளறிவிட்டான். அந்த வீட்டு அம்மா ஒன்றும் பேசவில்லை. ஒரு ரொட்டித் துண்டால் சரிந்த கேரட்டுகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்தார். எங்களில் யாரும் தலை நிமிரவில்லை.

அவரவர் முன்னால் இருக்கும் பகுதியைத்தான் ரொட்டியால் எடுக்க வேண்டும். இறைச்சியைக் கடைசியில் வீட்டுக்காரர் பங்கு வைப்பார். இதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது.

வீட்டில் செய்யும்போது இறைச்சியில் சுக்குப்பொடி, மஞ்சள், மிளகு, உப்பு, எண்ணெய் பிசறி, காயை அடுக்கி, அரைத் தம்ளர் தண்ணீரை ஓரமாக விட்டு மூடிவிடுகிறேன். மிச்சத்தைக் காய் விடும் நீரே பார்த்துக்கொள்ளும். ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். ரவி, உங்கள் 5 நிமிடம் இங்கே செல்லாது.

சட்டிபானை

மலைநடை, எந்தச் சட்டி என்று நீங்கள் சொல்லவே இல்லையே! மராகேஷில் வாங்கிய என் தஜின், அடுப்பேறிய அன்றே 'டப்' என்று விரிந்தது. உள்ளே கோழி, ஊறவைத்த எலுமிச்சை, ஆலிவ், எல்லாம் அடுப்பில். விற்றவர் ஒரு வார்த்தை சொல்லித் தரவில்லை.

புதிதாக வாங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன். மெருகு பூசாத சட்டியானால் இரவு முழுக்கத் தண்ணீரில் மூழ்க வைக்க வேண்டும். நன்றாக உலர்ந்ததும் உள்ளும் புறமும் ஆலிவ் எண்ணெய் தடவி, சூடேறாத ஓவனில் வைத்து, 150 டிகிரியில் 2 மணி நேரம் விட்டு, அணைத்த பிறகு உள்ளேயே ஆற விட வேண்டும். அங்கே கரி அடுப்பில் சமைக்கிறார்கள், சூடு மெல்லப் பரவும். நம் கேஸ் அடுப்பின் சுடர் ஒரே இடத்தில் குத்தும். அடியில் கனமான இரும்புத் தகடோ பழைய தோசைக்கல்லோ கட்டாயம். தீ கடைசிவரை சிறியது. நடுவில் தண்ணீர் சேர்த்தால் வெந்நீர்தான், பச்சைத் தண்ணீர் விட்டால் சட்டி போச்சு. பிரிட்ஜில் இருந்து நேராக அடுப்புக்குப் போகக் கூடாது. சோப்புப் போட்டு ஊறவைக்கவும் கூடாது, மண் அதைக் குடித்துவிடும். பளபளவென்று வண்ணப் பூவேலை செய்த சட்டிகளைப் பரிமாற மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சில மெருகுகளில் காரீயம் (lead) இருக்கும், எலுமிச்சை மாதிரிப் புளிப்பு பட்டால் அது உணவில் இறங்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதில் விளையாட்டு வேண்டாம்.

சூஸ் வெயில்

சட்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லையே அண்ணா, இருந்தாலும் ஈய விஷயம் உண்மை.

முதலில் பனங்கூடல் அக்காவுக்கு. இங்கே மொராக்கோவில் அகாடிர் பக்கம் எனக்குச் சொல்லித் தந்த அளவு: அரைக் கிலோ உலர்ந்த கூஸ்கூஸுக்கு, ஏற்றும் முன் கொஞ்சம் எண்ணெயோடு அரைக் கப் தண்ணீர். முதல் ஆவிக்குப் பின் உப்போடு அரைக் கப். இரண்டாவதுக்குப் பின் ஒன்றரைக் கப் வரை, கொஞ்சம் கொஞ்சமாக. மூன்றாவது ஆவியோடு முடிந்தது.

என் கதை தகுல்லா. பார்லிக் குருணையை உப்புத் தண்ணீரில் மரக்கட்டையால் கிண்டிக் கிண்டி இறுக்குவார்கள். பெரிய தட்டில் குவித்து நடுவில் குழி பறித்து ஆர்கான் எண்ணெயோ (ஆர்கான் மரக் கொட்டையின் பருப்பில் எடுப்பது) வெண்ணெயோ விட்டு, எல்லோரும் ஓரத்திலிருந்து விரலால் எடுத்துத் தொட்டுச் சாப்பிடுவார்கள். ஜனவரி 13 இரவு, அமாசிக் (பெர்பர் மக்கள் தங்களைச் சொல்லும் பெயர்) புத்தாண்டு யென்னாயர் கொண்டாட்டத்தில், அதற்குள் ஒரு பேரீச்சங்கொட்டையை ஒளித்து வைப்பார்கள். அது கிடைப்பவருக்கு அந்த ஆண்டு நல்ல காலம். 2024 முதல் மொராக்கோவில் ஜனவரி 14 அரசு விடுமுறை. அல்ஜீரியாவில் 2018லேயே 12ஆம் தேதிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

பக்கத்து வீட்டில் அந்தக் கொட்டை எனக்குத்தான் அகப்பட்டது. பாட்டியின் விரலும் அதே இடத்தில்தான் இருந்தது. அவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டு, என் மணிக்கட்டைப் பிடித்து எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். அதைக் கண்டுபிடித்தது அவர்தான் என்று நான் இன்றும் நினைக்கிறேன். கேட்க எனக்கு அப்போது மொழி வரவில்லை. அவர் இப்போது இல்லை.

அடுப்படி ரவி

பார்லிக் குருணை இங்கே கிடைக்கவில்லை. முழுப் பார்லியை மிக்ஸியில் உடைத்தால் சரி வருமா? ஆர்கான் எண்ணெய் என்னிடம் இருக்கிறது, தலைக்குத் தேய்க்க வாங்கியது.

சூஸ் வெயில்

உடைக்கலாம், ஆனால் மாவைச் சலித்து எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பசையாகிவிடும். தலைக்கு வாங்கிய எண்ணெய் வேண்டாம். சமையலுக்கானது பருப்பை வறுத்து ஆட்டியது, வாசனையே வேறு. அது கிடைக்காவிட்டால் வெண்ணெயும் தேனும் போதும்.