சாதுவான குதிரை திடீரென்று மிரண்டு ஓடுகிறது, என்ன செய்வது?

மாந்தோப்புக்காரன் (காவேரிப்பட்டணம்):
எல்லோருக்கும் வணக்கம். எங்களிடம் ஒரு செவலைப் பெண்குதிரை இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் வாங்கியது. கத்தியவாரி என்ற குஜராத் இனத்தின் கலப்பு என்றார்கள். அந்த இனத்துக்கு இருப்பது போலவே காது நுனி இரண்டும் உள்பக்கம் வளைந்திருந்ததால் நானும் நம்பிவிட்டேன். வயது ஒன்பது, பத்து இருக்கும். குணம் தங்கம். சரவெடி வெடிக்கிற கல்யாண ஊர்வலத்தில்கூட அசையாமல் நின்றிருக்கிறது. அண்ணன் மகள் ஏழு வயதில் இதன் மேல்தான் உட்காரப் பழகினாள்.

மார்கழிக் கடைசியிலிருந்து பிரச்சினை. தினமும் காலை ஏழு மணிக்குத் தென்பெண்ணைக் கரை மண்பாதையில் தெற்கே இரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்புவேன். முதல் நாள் தோப்பு வேலியில் ஒரு பிளாஸ்டிக் தாள் படபடத்ததற்குச் சட்டென்று பக்கவாட்டில் குதித்தது. சரி, குளிர் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் ஒரு கொக்கு எழுந்து பறந்ததற்கு மிரண்டு ஐம்பது அடி ஓடி நின்றது. நேற்று பூவுக்கு மருந்தடிக்கிற ஸ்பிரேயரைப் பார்த்து அப்படியே சுழன்று நாலுகால் பாய்ச்சலில் கிளம்பிவிட்டது. கடிவாளத்தின் இரண்டு வாரையும் பலம் கொண்ட மட்டும் இழுத்தேன், கழுத்தை நீட்டிக்கொண்டு இன்னும் வேகமாக ஓடியது. கீழே விழுந்தேன். முழங்கை தேய்ந்ததோடு போயிற்று. திரும்பும்போது அதே ஸ்பிரேயர் பக்கமாகவே பிடித்து நடத்தி வந்தேன், ஒன்றுமே நடக்காத மாதிரி வந்தது. அதுதான் புரியவில்லை. வீட்டில் விற்றுவிடு என்கிறார்கள்.

சேணம் (ஓசூர்):
முதலில் தலைக்கவசம் போடுங்கள் தம்பி. முழங்கை ஆறிவிடும், தலை ஆறாது.

இரண்டு வாரையும் சேர்த்து இழுத்ததுதான் தப்பு. முந்நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள மிருகத்தோடு கயிறிழுக்கும் போட்டியில் யாரும் ஜெயித்ததில்லை. கடிவாளத்தில் சாய்ந்துகொண்டு ஓட அதற்கு ஒரு பிடிமானம் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான். மிரண்ட முதல் இரண்டு மூன்று அடியிலேயே ஒரு பக்க வாரை மட்டும் குறுக்கிப் பிடித்து, உங்கள் தொடைப் பக்கம் கொண்டுவாருங்கள். மற்ற வாரைத் தளர்த்துங்கள். தலை திரும்பினால் பின்கால் விலகும், பின்கால் விலகினால் பாய்ச்சலுக்கு உந்துதல் கிடைக்காது. இதை மிரளும்போது கற்றுக்கொள்ள முடியாது. நிற்கும்போதும் நடக்கும்போதும் இரண்டு பக்கமும் தினம் பழக்குங்கள்.

முழுப் பாய்ச்சலுக்குப் போன பிறகு தலையை வெடுக்கென்று திருப்பாதீர்கள், கால் பின்னிக் குதிரையே விழும். இடம் இருந்தால் பெரிய வட்டம், பிறகு சின்ன வட்டம். நம் கரைப் பாதையில் வட்டம் போட ஏது இடம்? அதனால் வாரை விட்டு விட்டு இழுங்கள்: பிடி, தளர்த்து, பிடி, தளர்த்து. குதிகாலை இறக்கி, முன்னால் குனியாமல் உட்காருங்கள். தொடையால் நெருக்கினால் "ஓடு" என்றுதான் அதற்குப் புரியும். மூச்சைப் பிடித்துக்கொள்ளாமல் வாய்விட்டு ஏதாவது பேசுங்கள், திட்டினாலும் சரி, மெதுவாகத் திட்டுங்கள்.

நின்ற பிறகு அடிக்காதீர்கள். கொக்குக்குப் பயந்தால் அடியும் விழும் என்று மட்டும்தான் அது கற்றுக்கொள்ளும்.

தேன்கனிக்கோட்டை:
எங்கள் பக்கம் இப்படி ஆனால் முதலில் யானையைத்தான் நினைப்போம். ராகி முற்றும் காலத்தில் காட்டிலிருந்து கூட்டம் இறங்கும். ஒருநாள் என் மட்டக்குதிரை நடுப்பாதையில் நின்று உறுமியது, ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வந்துவிட்டேன். மறுநாள் போய்ப் பார்த்தால் இருபது அடி தள்ளி யானை லத்தி. காவேரிப்பட்டணத்தில் அந்தத் தொல்லை அவ்வளவு இருக்காது, இருந்தாலும் காட்டுப்பன்றி, நாய்க்கூட்டம் ஏதாவது அங்கே நடமாடுகிறதா பாருங்கள்.

பழைய சந்தைக்காரன்:
உடம்பில் முடிச்சுழி பார்த்து வாங்கினீர்களா? கெட்ட சுழி இருந்தால் இப்படித்தான் ஒருநாள் காட்டும். நஷ்டமானாலும் கைமாற்றி விடுங்கள்.

சேணம்:
மூன்று வருடமாக அந்தச் சுழி தூங்கிக்கொண்டிருந்ததா அண்ணா?

ராயக்கோட்டை ரோடு:
தீனி என்ன? வேலை குறைந்து கொள்ளு கூடினாலும் இப்படித் துள்ளும்.

மாந்தோப்புக்காரன்:
சோளத்தட்டு, கொஞ்சம் பச்சைப்புல். குளிருக்கு என்று கொள்ளைக் கூட்டித்தான் இருந்தேன். இன்றிலிருந்து பாதியாக்கிவிட்டேன். சேணத்தின் வயிற்று வாரைக் கழற்றி உள்பக்கம் தடவிப் பார்த்தேன், முள், புண் எதுவும் இல்லை. லாடம் போட்டு மூன்று வாரம் ஆகிறது, நொண்டவில்லை.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் (தர்மபுரி):
ஒரு கேள்வி. மூன்று தடவையும் மிரட்டிய பொருள் எந்தப் பக்கம் இருந்தது?

நீங்கள் தெற்கே போகிறீர்கள், காலை வெயில் இடது பக்கம் அடிக்கிறது. திரும்பும்போது அதே பொருள் வலது பக்கம். அப்போது பேசாமல் வருகிறது. ஒரு பொருளை ஒரு கண்ணால் பார்த்துப் பழகிய குதிரை மறுகண்ணுக்கு அது புதுசு என்று மிரள்வது உண்டு, நல்ல குதிரையும் செய்யும். ஆனால் மூன்று வருடம் தினமும் நடந்த பாதையில் அது பொருந்தவில்லை. கண்ணைப் பாருங்கள்.

நேர் முன்னால் நின்று இரண்டு மேல்இமை முடிகளையும் ஒப்பிடுங்கள். நல்ல கண்ணில் முடி கிட்டத்தட்ட நேராக நீட்டிக்கொண்டிருக்கும், வலிக்கிற கண்ணில் கீழே சாய்ந்திருக்கும். பிறகு பக்கவாட்டிலிருந்து உள்ளங்கையை மெதுவாகக் கண்ணருகே கொண்டுபோங்கள். காற்று படக்கூடாது, மீசை முடியைத் தொடக்கூடாது. இமைக்கிறதா பாருங்கள்.

இன்னொன்று. எச்சில் ஒழுகுதல், விழுங்க முடியாமை, பின்கால் தள்ளாட்டம் இதில் ஏதாவது சேர்ந்திருந்தால் வாயில் கை வைக்காதீர்கள். வெறிநோய் குதிரைக்கும் வரும். உடனே கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்குப் போன் போடுங்கள்.

மாந்தோப்புக்காரன்:
சார், மூன்றும் இடது பக்கம்தான்! நான் யோசிக்கவே இல்லை.

இப்போதுதான் லாயத்திலிருந்து வருகிறேன். எச்சில், தள்ளாட்டம் எதுவும் இல்லை. இடது இமை முடி சாய்ந்திருக்கிறது. கன்னத்தில் ஒரு விரல் அகலத்துக்கு நீர் வடிந்து காய்ந்த கோடு. ஈ மொய்க்கிறது என்று ஒரு மாதமாகத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். கையைக் கொண்டுபோனால் வலது கண் உடனே இமைக்கிறது, இடது கண் கை மிக அருகே வந்த பிறகுதான் திடுக்கிட்டுத் தலையைத் தூக்குகிறது. வீட்டில் அம்மாவுக்கு வாங்கிய கண் சொட்டு மருந்து இருக்கிறது, விடலாமா?

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்:
கூடவே கூடாது. அதில் ஸ்டீராய்டு இருந்து, கருவிழியில் புண்ணும் இருந்தால் கண்ணே போய்விடும். கண்ணில் சோதனைச் சாயம் விட்டுப் பார்த்துப் புண் இல்லை என்று டாக்டர் உறுதி செய்த பிறகுதான் எந்த மருந்தும். அதுவரை நிழலில் கட்டுங்கள், ஏறாதீர்கள். உள்ளூரில் முடியாவிட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள்.

மாந்தோப்புக்காரன் (ஆறு நாள் கழித்து):
டாக்டர் பார்த்துவிட்டார். புண் இல்லை. கண்ணுக்குள் அழற்சி, யுவைட்டிஸ் என்றார். இது விட்டு விட்டுத் திரும்பி வருமாம், குதிரைகளுக்குப் பார்வை போவதற்கு முக்கியக் காரணமே இதுதானாம். லெப்டோஸ்பைரா கிருமியாலும் வரலாம் என்று இரத்தம் எடுத்திருக்கிறார். வலிக்கு ஊசி, கண்ணுக்கு இரண்டு மருந்து. ஒன்று அட்ரோபின், கண்பாப்பாவை விரித்து வைக்குமாம். அதனால் வெயில் ஆகாது, குடலையும் மந்தமாக்கலாம், லத்தி போடுகிறதா என்று பார்த்துக்கொள் என்றார். தினம் காலையில் லத்தி எண்ணுவதுதான் இப்போது என் வேலை.

இடது பார்வை முழுதாகத் திரும்பாது என்றும் சொல்லிவிட்டார். இனி ஏறலாமா?

சேணம்:
மருந்து முடிந்து டாக்டர் சரி என்றதும் தரையிலிருந்து தொடங்குங்கள். கையில் பிடித்து அதே பாதையில் நடத்துங்கள். பயமுறுத்தும் பொருள் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நீங்கள் நடங்கள், மிரண்டால் உங்கள் மேல் பாயாமல் விலகிப் போகும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். இடது பக்கம் போகும்போதெல்லாம் குரல் கொடுத்துவிட்டுப் போங்கள், வீட்டாரிடமும் சொல்லிவையுங்கள். ஏறிய பிறகு காது விறைத்து, முதுகு பலகை மாதிரி ஆனால் வீரம் காட்டாமல் இறங்கிவிடுங்கள். ஒற்றைக் கண்ணோடு நன்றாக ஓடுகிற குதிரைகள் நிறைய உண்டு. குழந்தையை மட்டும் இப்போதைக்கு ஏற்றாதீர்கள்.

பழைய சந்தைக்காரன்:
சுழி பேச்சு பேசியது நான்தான், தப்பு. விற்றவருக்குக் கண் விஷயம் தெரிந்திருக்குமோ?

மாந்தோப்புக்காரன்:
அவரைச் சொல்லி என்ன செய்ய அண்ணா, மூன்று வருடம் நன்றாகத்தானே இருந்தது. ஒரு மாதமாகக் கண்ணைத் துடைத்தவன் நான். அண்ணன் மகள் பழைய தாவணியில் கண்ணுக்கு ஒரு முகத்திரை தைத்திருக்கிறாள். ஜரிகை வேண்டாம், காற்றில் மின்னும் என்று பிரிக்கச் சொல்லியிருக்கிறேன்.